பாலக்கரைக் காந்தி, பிரியாணி மாஸ்டர்

"எம் பேரு ஜெகபர் அலிங்க. ஆதார்லயும் அதான், ரேஷன் கார்டுலயும் அதான். ஒருத்தனாவது அப்படிக் கூப்பிடுறானா?"

பாலக்கரையில் எங்கள் தெருவில் விடிகாலையில் முதலில் பாங்கு கேட்கும். அடுத்து மாதா கோயில் மணி. மூன்றாவது இந்தப் புலம்பல். டீக்கடை வாசலில் நின்றுகொண்டு தினமும் சொல்வார். டீ ஆற்றுகிறவரும் கடைசி வரை காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "நியாயம்தாங்க. சர்க்கரை போடவா வேணாமா, காந்தி?" என்பார்.

ஆளைப் பார்த்தால் டீக்கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. வழுக்கைத் தலை, விரிந்த காது, வெள்ளை மீசை, முன்பல் இரண்டு காணோம், தூரத்தில் நின்றே விலா எலும்பை எண்ணிவிடலாம். இலவசக் கண் முகாமில் கொடுத்த கண்ணாடி வேறு வட்டமாக வந்து வாய்த்துவிட்டது. ரூபாய் நோட்டிலிருந்து இறங்கிக் கைலி கட்டிக்கொண்டு வந்தவர் மாதிரி இருப்பார். தொழில் என்னவென்றால், கல்யாண வீடுகளுக்கு மட்டன் பிரியாணி போடுவது.

பிரியாணி மாஸ்டர் என்றால் தொப்பை இருக்க வேண்டும் என்பது ஊர் நம்பிக்கை. புதிதாக ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் இவரிடமே வந்து, "பெரியவரே, மாஸ்டர் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். உள்ளேயிருந்து அவர் மனைவி வஹீதா அக்கா குரல் கொடுப்பார். "அவருதான். ஒரு வாய் சாப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க." வஹீதா அக்கா பேச்சு இவ்வளவுதான். மீதியெல்லாம் முறைப்பு.

இவர் காந்தியான கதைக்கு மஞ்சள் காமாலைதான் பிள்ளையார் சுழி. அதற்கு முன்னால் சுமாரான உடம்புதான். காமாலை போனபோது பாதி உடம்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதே சமயம் எங்கள் தெருமுனை ஸ்கூலில் வருஷா வருஷம் காந்தி வேஷம் போட்டுவந்த ரிட்டயர்டு கிளார்க், மகனோடு இருக்க அமெரிக்கா போய்விட்டார். அந்நியத் துணியை எரிக்கச் சொன்ன காந்திக்கு கிரீன் கார்டு. ஹெட்மிஸ்ட்ரஸ் லூர்துராணி டீச்சர் காந்தி கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த வேளையில், இவர் தோளில் வெங்காய மூட்டையோடு எதிரே வந்தார்.

"பாய், அப்படியே நில்லுங்க. சிரிங்க."

"எதுக்கு டீச்சர்?"

"சிரிங்கன்னேன்ல?"

சிரித்தார். சொந்தப் பேர் அன்றைக்குப் போனது.

"டீச்சர், நான் கறி சமைக்கிறவன். தப்பாயிடப் போவுது" என்று பயந்திருக்கிறார்.

"ஒரு மணி நேரம் சமைக்காம இருந்தாப் போதும் பாய். அவரு வாழ்நாள் பூராப் பட்டினி கெடந்தாரு" என்று டீச்சர் அடக்கிவிட்டார்.

அதிலிருந்து ஆரம்பித்தது தொல்லை. ஒரு மணி நேரம் வேஷம் போட்டதற்கு வருஷம் பூராவும் காந்தியாக இருக்க வேண்டியிருந்தது. டீக்கடையில் பீடி பற்ற வைத்தால், "ஐயையே, காந்தியே பீடி குடிக்கிறாரு பாரு" என்பார்கள். காந்தி மார்க்கெட்டில் வெங்காயத்துக்கு வாய் தகராறு செய்யப் போனால், "உங்க பேர்லதான் மார்க்கெட்டே இருக்கு, நீங்களே பேரம் பேசலாமா?" என்று வாயை அடைத்துவிடுவார்கள். பஸ்ஸில் சீட்டு மட்டும் யாரும் தருவதில்லை. "காந்தி, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்பதோடு சரி. தலைவருக்கு இந்த ஊரில் உள்ள மரியாதை எப்போதும் அந்த அளவில்தான் நிற்கும்.

ஒரு தரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு குடியிருப்போர் சங்கத்திலிருந்து கொடியேற்றத்துக்குக் கூப்பிட்டார்கள். தலைவர் என்று ஒரு பெரியவர், திருமண் இட்டுக்கொண்டு, நல்ல மனுஷர்தான். இளநீர் கொடுத்து உபசரித்துவிட்டு, "உங்க ஜீவனம் என்ன?" என்று கேட்டிருக்கிறார். இவரும் சத்தியம் தவறாதவராயிற்றே, பிரியாணி என்று சொல்லிவிட்டார். பெரியவர் கொஞ்சம் யோசித்து, "அதுக்கென்ன, ஆத்மா சுத்தமா இருந்தாப் போறும். சால்வையில வாசனை வராதோல்லியோ?" என்றாராம். மறுநாள் அந்த வீட்டு மாமி வஹீதா அக்காவுக்குப் போன் போட்டு, காய்கறி பிரியாணிக்குப் பட்டை எவ்வளவு, கிராம்பு எவ்வளவு என்று கேட்டதும் நடந்தது. பெரியவருக்குத் தெரியாது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. அஃபீஃபா கல்யாணத்தில்தான் காந்தி நிஜமாகவே வேலையைக் காட்டினார்.

ஜெகபர் அலிக்குப் பிள்ளை கிடையாது. தங்கை ஜீனத்தின் மகள் அஃபீஃபாதான் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பிள்ளை. ஜீனத் வீட்டுக்காரர் குவைத்தில். மகள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல் செல்போனில் பார்த்தார். அதனால் அத்தா ஸ்தானத்தில் நின்றது மாமு ஜெகபர் அலிதான். மாப்பிள்ளை துறையூர், பேங்க் வேலை. அவருக்கு அத்தா இல்லை. அப்பாவின் அண்ணனான பெரியத்தா கலீம்தான் எல்லாம். துறையூரில் மக்காச்சோள மண்டி வைத்திருப்பவர். பேசினால் மூட்டையைத் தூக்கிப் போடுகிற மாதிரி பேசுவார்.

தேதி வைக்க வந்த அன்று, "எல்லாருக்கும் லீவா இருக்குற நாளாப் பாத்து வைங்க. அப்பத்தான் கூட்டம் சேரும்" என்றார் கலீம்.

ஜீனத் காலண்டரைப் புரட்டினார். "அக்டோபர் ரெண்டு, புதன்கிழமை. செவப்பு எழுத்துல போட்டிருக்கு."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அதையே வச்சுக்குங்க."

எதற்கு லீவு என்று அந்தக் கூடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. காந்தியே நேரில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தார். அவருக்கும் தோன்றவில்லை. நாட்டுக்கு அவர் என்னென்னவோ விட்டுவிட்டுப் போனார் என்கிறார்கள். நமக்குக் கையில் நின்றது ஒரு நாள் லீவு.

"சாப்பாட்டப் பத்தி நாங்க பேச மாட்டோம். பொண்ணு மாமனே பண்டாரி" என்று சொல்லி கலீம் எழுந்தார். பண்டாரி என்றால் அவர்கள் பக்கத்தில் கல்யாணச் சமையல்காரர். "துறையூர்லேர்ந்து பஸ்ஸு வச்சு வாறோம். கறி தட்டுல பாதி, சோறு பாதி இருக்கணும், சொல்லிட்டேன்."

ஸ்கூல் விழாவும் அதே நாள்தான் என்பது பத்து நாள் கழித்து லூர்துராணி டீச்சர் வந்து நினைவூட்டியபோது தெரிந்தது. "அதுக்கென்ன, காலையில ஒரு மணி நேரம் காந்தி, அப்புறம் பண்டாரி" என்று இவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். காந்தி ஜெயந்தி அன்று கறிக்கடை கிடையாது என்பது மட்டும் யார் மண்டையிலும் ஏறவில்லை. காந்தியான நாளிலிருந்து அன்றைக்கு அவர் ஆர்டர் எடுப்பதே இல்லை. காலையில் ஸ்கூல், மாலையில் ஏதாவது சங்கம் என்று போய்விடும். கறிக்கடை ஷட்டர் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்த்ததே கிடையாது.

கறிக்கடை அனீஸ் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். "புதன்கிழமை விடியக்காலையில ரெண்டு கெடா" என்றதும், "சரி மாமு" என்று தலையாட்டிவிட்டான். அவனைக் கேட்டால் அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. "வருஷா வருஷம் முன்னாடி ஷட்டரு எறக்கியிருக்கும், பின்னாடி கதவு தெறந்திருக்கும். ஊருக்கே தெரிஞ்ச விஷயம். காந்திக்குத் தெரியாதுன்னு நான் கண்டேனா?"

முதல் நாளே வாங்கி ஐஸில் போட்டிருக்கலாமே என்பீர்கள். ஜெகபர் அலியிடம் அது நடக்காது. அன்று வெட்டிய கறி அன்றே தேக்சா அண்டாவில் ஏற வேண்டும், ராத்திரி தங்கின கறியைத் தொடமாட்டார். அந்த வீம்பில்தான் அவருக்கு இவ்வளவு பேர். அந்த வீம்பேதான் கவிழ்க்கவும் பார்த்தது.

கல்யாணத்தன்று காலை. விழாவுக்காக முழங்கால் வரை வேட்டி, மேலே வெள்ளைச் சால்வை, கையில் தடியோடு தயாராகி நிற்கிறார். மண்டபத்திலிருந்து போன். அவரிடம் பல வருஷமாகக் கைவேலை செய்யும் மருதை.

"மாஸ்டர், கறி வரல. நான் போய்ப் பாத்துட்டேன், ஷட்டரு சாத்திக் கெடக்கு."

"சாத்திக் கெடக்கா? என்னடா சொல்ற? எதுக்கு?"

மருதை மெதுவாக, "உங்களுக்காகத்தான் மாஸ்டர்" என்றானாம்.

உடை மாற்ற நேரமில்லை. மருதையின் டிவிஎஸ் ஃபிப்டியில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, தடியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, மகாத்மா கறிக்கடைக்குப் புறப்பட்டார். எங்கள் தெருவே பார்த்தது. ஒருத்தர் வழியில் நின்று கும்பிடக் கூடச் செய்தார்.

பின்பக்கச் சந்தில் கதவைத் தட்டியதும் திறந்த அனீஸ், எதிரே காந்தியைக் கண்டு அரண்டு போனான். வருஷம் முழுக்கச் செய்த பாவமெல்லாம் ஒரே நொடியில் நினைவு வந்திருக்கும். அப்புறம்தான், "அட நீங்களா மாமு! ரெண்டு கெடாவும் உரிச்சுத் தொங்குது. யாரும் வர்றதுக்குள்ள சீக்கிரம் ஏத்துங்க" என்றான்.

மருதை சாக்கை விரித்தான். அந்த நேரம் பார்த்தா சந்து முனையில் ஸ்கூல் பேண்டு வாத்தியப் பெண் பிள்ளைகள் வரிசையாகத் திரும்ப வேண்டும்? மெயின் ரோட்டில் டிராபிக் என்று டீச்சர் சந்து வழியாக அனுப்பியிருக்கிறார். டிரம், குழல், வெள்ளை ஷூ. கறிக்கடைப் பின்வாசலில் காந்தி நிற்பதைப் பார்த்து வரிசை நின்றது.

"காந்தி தாத்தா, குட் மார்னிங்!"

"குட் மார்னிங் கண்ணுங்களா."

"இங்க என்ன தாத்தா பண்றீங்க?"

அனீஸ் கதவைப் பாதி சாத்திவிட்டான். மருதை சாக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். காந்தி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"சும்மாதான். இன்னைக்குக் கடை மூடியிருக்கான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"மூடியிருக்கா தாத்தா?"

"மூடியிருக்கும்மா. நல்லா மூடியிருக்கு."

பிள்ளைகள் கை தட்டிவிட்டு, டிரம் அடித்துக்கொண்டு போய்விட்டன. மருதை சாக்கை மறுபடி விரித்தான்.

"போயிடுச்சுங்க மாஸ்டர். ஏத்திடவா?"

"வேணாம்டா."

"என்னது?"

"மூடியிருக்குன்னு சொல்லிட்டேன்லடா."

"அதுங்க திரும்பி வந்தா பாக்கப் போவுது?"

"இன்னும் அரை மணி நேரத்துல அதுங்க முன்னாடி மேடையில நின்னு பொய் சொல்லாதீங்கன்னு பேசணும். நாளைக்கு அதே புள்ளைங்க டீக்கடை வாசல்ல வணக்கம் வைக்கும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது? வுடு, வண்டிய எடு."

அனீஸ் தலையில் அடித்துக்கொண்டான். "மாமு, ரெண்டு கெடா! நான் என்ன பண்ணட்டும்?"

"நாளைக்கு வித்துக்க."

"நாளைக்கு அது நேத்துக் கறியில்ல? நீங்களே தொட மாட்டீங்களே!"

மகாத்மா ஏறி உட்கார்ந்து தடியைக் குறுக்கே பிடித்துக்கொண்டார். வண்டி கிளம்பிவிட்டது. அந்தக் கறி வீணாகியிருக்குமோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். பின்வாசல் அன்று மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் அஹிம்சையாக விற்றுத் தீர்த்துவிட்டது.

இதை நான் தியாகம், கொள்கை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அவசரத்தில் வாயில் வந்த பொய். அதை மெய்யாக்க வேறு வழி இல்லை. அந்தப் பொய்யின் கூலியை யார் தலையில் கட்டுவது என்பதுதான் மீதி. கட்டியது எங்கள் தலையில்.

ஸ்கூல் விழாவை முடித்துவிட்டு அதே வேட்டியோடு மண்டபத்துக்கு வந்து, தங்கையிடம் விஷயத்தைச் சொன்னார். ஜீனத் போட்ட சத்தத்தில் கல்யாணப் பெண் எழுந்து வந்துவிட்டாள்.

"அண்ணே, உனக்கு என்னண்ணே ஆச்சு? முந்நூறு பேரு வாறாங்க! கறி இல்லாம என்னத்தப் போடுறது? கதர் துணியவா?"

"முட்டை போடலாம்மா. மளிகைக் கடையில இருக்கு. தடை இல்ல."

"முட்டையா? கல்யாணத்துலயா? எம்புள்ளைய துறையூர்ல என்னான்னு கூப்பிடுவாங்க தெரியுமா? முட்டை வீட்டுப் பொண்ணும்பாங்க. கறி போடாத வீட்டுப் பொண்ணும்பாங்க. அவ கெழவியானாலும் அதான் பேரு!"

அந்தப் பேச்சு அவரைக் குத்திவிட்டது. எனக்குப் பக்கத்தில்தான் நின்றார், முகத்தைப் பார்த்தேன். ஊர் ஒரு பேரை ஒட்டினால் அது உரிக்க வராது என்பது பாலக்கரையில் அவரைவிட யாருக்குத் தெரியும்? தினமும் காலையில் அதைத்தானே சொல்லி அழுகிறார். அதே கையால் மருமகளுக்கும் ஒரு பேரை ஒட்டிவிட்டார்.

"ஒட்ட விட மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனார்.

அதற்கப்புறம் முட்டை. கல்யாணத்துக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் பட்டுப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, மணப்பெண் அறையில் வட்டமாக உட்கார்ந்து முட்டை உரித்தோம். கையில் மருதாணி என்று தப்பித்தது அஃபீஃபா ஒருத்திதான். என் விரல் நகத்திலிருந்து முட்டை வாசம் போக ஒரு வாரம் ஆனது. வஹீதா அக்கா உரித்ததை எடுத்துக் கீறிக்கொண்டே இருந்தார். கடைசியில், "நிக்காஹ் முடிஞ்ச ஒடனே துறையூர் பொம்பளைங்கள மொதல்ல பந்தியில உக்கார வைக்கணும். ஆம்பளைங்களுக்குச் சொல்ல வேணாம்" என்றார். எதற்கு என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. ஆண்கள் பக்கம் பந்தி விரித்தார்கள். மருதை தேக்சா மூடியைத் திறந்ததும் சீரகச் சம்பா மணம் மண்டபம் முழுக்கப் பரவியது. புதினா, நெய், பட்டை, கிராம்பு எல்லாம் இருந்தது. துறையூர் மூக்குக்கு ஒன்று மட்டும் குறைந்தது. கலீம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, பரிமாறினதை விரலால் புரட்டினார். முட்டை. இன்னொரு பக்கம் புரட்டினார். அங்கேயும் முட்டை.

"சம்மந்தி! என்ன இது? கறி எங்க?"

"இன்னைக்குக் காந்தி ஜெயந்தி, கறிக்கடை கெடையாதுங்க" என்று யாரோ சொன்னார்கள்.

"எந்தக் காந்திக்குப் பொறந்த நாளு வந்தா எனக்கென்ன? கறியில்லாத கல்யாணத்த எங்க வம்சத்துல பாத்தது கெடையாது. நாங்க சாப்புட மாட்டோம். டேய், எவனும் கைய வைக்காதீங்கடா!"

ஆக, காந்தி கண்டுபிடித்த உண்ணாவிரதம் காந்தி மேலேயே திரும்பியது. துறையூர் ஆண்கள் எல்லாம் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டால், ஜீனத் சொன்ன பேர் அன்றைக்கே பஸ் ஏறித் துறையூர் போய்ச் சேர்ந்துவிடும்.

அடுப்பங்கரையிலிருந்து ஜெகபர் அலி வந்தார். சால்வையில் கரி, நெற்றியில் சாம்பல், கண்ணாடி முழுக்க ஆவி. தண்டி யாத்திரையே முடிந்து வந்தவர் மாதிரி இருந்தார். கலீமுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தப்பு என்னுது சம்மந்தி. பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல. நீங்க சாப்புடாம நானும் சாப்புட மாட்டேன். இங்கயே உக்காந்திருக்கேன்."

கலீம் திட்ட வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். எதிரே அந்த மூஞ்சி. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்த மூஞ்சி, பணத்தை எண்ணும்போதெல்லாம் பார்க்கிற மூஞ்சி. கெட்ட வார்த்தை நுனிநாக்கு வரை வந்து திரும்பிப் போவது, பெண்கள் பக்கத்துத் திரை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே தெரிந்தது.

"யோவ், மொதல்ல அந்த வேஷத்தக் கலைச்சிட்டு வாய்யா. பேச முடியல" என்று கத்தினார்.

"மாத்துத் துணி கொண்டாரலீங்க."

துறையூர் இளவட்டங்கள் இந்தத் தலைபோகிற நேரத்தில் காந்தியோடு செல்ஃபி எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. யார் முதலில் மசிவது என்று எல்லோரும் கலீமையும் காந்தியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கு சுகர், மற்றவருக்குக் காமாலை உடம்பு. யார் மயங்கி விழுந்தாலும் தில்லை நகர் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

அப்போது பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கிக்கொண்டு கலீமின் மனைவி ஷரபுன்னிசா வந்தார். வாயில் எதையோ மென்றுகொண்டே வந்தார்.

"என்னங்க, இன்னும் சாப்புடலயா நீங்க? முட்டை பிரியாணி அருமையா இருக்கு. நாங்கள்லாம் ரெண்டாவது தரம் வாங்கிட்டோம்."

கலீம் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "சாப்... சாப்புட்டீங்களா?"

"பின்ன? எங்க பந்தி முடிஞ்சு எந்நேரமாச்சு! நீங்க எதுக்கு இப்புடி உக்காந்திருக்கீங்க? சுகர் மாத்திரை போட்டுட்டுப் பட்டினி கெடந்தா தலை சுத்தும், தெரியும்ல?"

வஹீதா அக்கா திரைக்குப் பக்கத்தில் தட்டைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல நின்றார். வம்சத்தில் பாதி சாப்பிட்டு ஏப்பம் விட்டபின், மீதிப் பாதி உண்ணாவிரதம் இருந்து என்ன செய்ய? ஆனாலும் கலீமால் சட்டென்று சோற்றில் கை வைக்க முடியவில்லை. ஆம்பிளை, அதுவும் மண்டிக்காரர், எதைச் சாக்கு வைத்து இறங்குவது?

வஹீதா அக்காதான் அதற்கும் வழி வைத்திருந்தார். டிவியில் தலைவர்கள் உண்ணாவிரதத்தை எப்படி முடிக்கிறார்கள் என்று எல்லோரும் பார்த்ததுதானே. ஒரு டம்ளர் நன்னாரி சர்பத்தைக் கல்யாணப் பெண் கையில் கொடுத்து அனுப்பினார்.

"மாமா, குடிங்க மாமா" என்று அஃபீஃபா மருதாணிக் கையால் நீட்டினாள். "நாளைக்குத் துறையூருக்கு எங்க மாமுவே வந்து கறி பிரியாணி போடுவாங்க. நான் கூட்டிட்டு வாறேன்."

கலீம் சுற்றிலும் பார்த்தார். "புள்ள கேக்குதேன்னுதான்" என்றார். வாங்கிக் குடித்தார். எவனோ ஒருவன் கை தட்ட, மண்டபமே தட்டியது. அவர் எதிரே இருந்த காந்தியைப் பார்த்து, "நீயும் சாப்புடுய்யா. விழுந்து கிழுந்து தொலைக்காத" என்றார். அப்புறம் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாவது தரம், "முட்டைய மட்டும் ரெண்டு வை" என்று மருதையிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறார். மருதையிடம் எதுவும் ரகசியம் கிடையாது.

மறுநாள் ஜெகபர் அலி துறையூருக்குப் போனார். கைலி கட்டிக்கொண்டு, அன்று விடிகாலையில் வெட்டிய கறியில் பிரியாணி போட்டார். தட்டில் பாதி கறி இருந்ததாம். அந்த ஊரில் பல பேருக்கு ஆளையே அடையாளம் தெரியவில்லை. "நேத்துக் கல்யாணத்துல பாத்த காந்தி எங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அஃபீஃபாவுக்குப் பேர் ஒட்டியதா என்று கேட்பீர்கள். ஒட்டவில்லை. பேர் ஒட்டியது வேறொருவருக்கு. துறையூர் மண்டித் தெருவில் இன்றைக்கும் கலீமை, உண்ணாவிரதம் கலீம் என்றுதான் சொல்கிறார்கள். போன மாதம் அவர் பாலக்கரைக்கு வந்தபோது டீக்கடையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"எம் பேரு கலீமுங்க. வெறும் கலீம். ஒரு பய கூப்பிட மாட்டேங்குறான்" என்று அவர் ஆரம்பித்தார்.

"ஆதார்ல அதான் இருக்கா?" என்று இவர் அக்கறையாகக் கேட்டார். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை. பல் இல்லாததும் தெரிந்தது.

தலைவர்களுக்குச் சிலை இருக்கிறது, ரோடு இருக்கிறது, மார்க்கெட் இருக்கிறது, அவர்களை நீங்கள் தேடிப் போகத் தேவையில்லை. இந்த மனுஷரை ஒரு தரம் போய்ப் பாருங்கள். பாலக்கரை ரவுண்டானா பக்கம் இறங்கி, ஜெகபர் அலி வீடு எது என்று கேட்டால் நாள் பூராவும் சுற்ற வேண்டியதுதான், யாருக்கும் தெரியாது. காந்தி வீடு என்று கேளுங்கள், நாய்கூட வழி காட்டும். அக்டோபர் இரண்டாம் தேதி மட்டும் போகாதீர்கள், அன்று முட்டைதான் கிடைக்கும். மற்ற நாளில் போய், வாசலில் நின்று, நல்ல சத்தமாக, "ஜெகபர் அலி பாய் இருக்காங்களா?" என்று கூப்பிடுங்கள். யாரோ வேறு ஆளைத் தேடுகிறார்கள் என்று நினைத்து முதலில் வர மாட்டார். விடாமல் இன்னொரு தரம் கூப்பிடுங்கள்.